காவல் குடிசையில் ராத்தங்கல்: எந்தக் கைமருந்து எதுவரை காக்கும்?

(வானொலிப் பேச்சு)

உத்தமபாளையம் வட்டாரத்தில் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிறவங்களுக்கு ரெண்டு வீடு. ஒன்று ஊருக்குள்ளே, இன்னொன்று தோட்டத்திலே. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருக்கிற நெல் வயலுக்குக் காவல் தொல்லை குறைவு. ஆனால் கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம் பக்கமும், எதிர்ப்பக்கம் ராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி, ஓடைப்பட்டி பக்கமும் அப்படியில்லை. நிலக்கடலை காய் பிடித்தாலும், மக்காச்சோளம் பால் கட்டினாலும், வாழை தார் விட்டாலும் ஒரு ஆள் ராத்திரி அங்கேயே படுத்தாக வேண்டும்.

அப்படிப் போகிற ஆளிடம் வீட்டுப் பெரியவங்க ஏதாவது கொடுத்தனுப்புவாங்க. கொசுவுக்கு வேப்பெண்ணெய், பாம்புக்குப் பூண்டும் பெருங்காயமும், பன்றிக்கு முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு பை முடி. இதிலே எது பலிக்கும், எது வெறும் மனத்தைரியம் என்று பிரித்துச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைமருந்துக்குப் பூச்சி கட்டுப்படும். பன்றி நாலு நாளைக்குக் கட்டுப்படும். பாம்பும் யானையும் கட்டுப்படாது. இந்தக் கணக்கு தெரியாமல் படுத்தால் பயிரைக் காக்கப் போய் உயிரை விடும்படி ஆகும்.

கொசுவும் எறும்பும்

மண்சட்டியில் வறட்டியைப் போட்டு நெருப்பாக்குங்க. நெருப்பு கனிந்ததும், பாதி காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் ஒரு கைப்பிடி மேலே போடுங்க. பச்சையாகப் போட்டால் நெருப்பு அணையும், சருகாகப் போட்டால் குப்பென்று எரிந்துபோகும். சட்டியைக் குடிசைக்குள்ளே வைக்காதீங்க. காற்று வருகிற திசையில், வாசலுக்கு வெளியே வைத்தால் புகை தானாக உள்ளே தவழ்ந்து வரும். அடைத்த குடிசைக்குள் கரி நெருப்பை வைத்துக்கொண்டு தூங்குவது கொசுவைவிடப் பெரிய ஆபத்து. அந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான்.

புகை அடங்கினால் கொசு திரும்பி வரும். அதற்கு உடம்பில் பூசுகிற எண்ணெய் நல்லது. 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய் கலந்தால் போதும். இந்த அளவை இந்தியாவில் மலேரியா ஆராய்ச்சியாளர்கள் 1993-லேயே சோதித்து, மலேரியாக் கொசுவுக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறது என்று கண்டார்கள். மற்றக் கொசுக்களுக்கு அவ்வளவு நேரம் நிற்காது. வேப்பெண்ணெயைச் சின்னக் குழந்தைகளுக்குப் பூச வேண்டாம், வாயில் படவே கூடாது.

எறும்புக்குக் கட்டில் கால்களைத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்துங்க. இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. காலையில் தண்ணீரைக் கொட்டிவிடுங்க, இல்லாவிட்டால் அதிலேயே கொசு முட்டையிடும். தேளுக்கும் பூரானுக்கும் மருந்து தேடுவதைவிட, செருப்பையும் போர்வையையும் ஒரு உதறு உதறிப் போடுகிற பழக்கமே நல்ல மருந்து. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவங்க அட்டைக்கு உப்பும் புகையிலையும் காலில் தேய்ப்பது சரியான முறைதான். மழையில் நனைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

புல்தரையில் துண்டை விரித்துப் படுப்பதை மட்டும் விட்டுவிடுங்க. கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறது. விடாத காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது மாதிரி கறுப்புத் தழும்பு இருந்தால் டாக்டரிடம், "தோட்டத்தில் படுத்திருந்தேன்" என்று சொல்லிக் காட்டுங்க. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

பாம்பு விஷயத்தில் ஏமாற வேண்டாம்

பூண்டை இடித்துப் போடுவார்கள், பெருங்காயம் கரைத்துத் தெளிப்பார்கள், பினாயில் ஊற்றுவார்கள், பாச்சை உருண்டையை நாலு மூலையிலும் வைப்பார்கள். எதையும் நம்பிக் கண்ணை மூட முடியாது. பாம்புக்கு மோப்பம் உண்டு, அது நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதே அதற்காகத்தான். ஆனால் எலி போன வழி தெரிந்துவிட்டால் இந்த வாடையெல்லாம் அதைத் தடுக்காது. குடிசையில் தானிய மூட்டை இருந்தால் எலி வரும். எலி வந்த இடத்துக்குப் பாம்பும் வரும். ஆகவே பாம்புக்கு மருந்து வைப்பதைவிட, மூட்டையையும் விறகையும் கல் குவியலையும் குடிசையை விட்டுத் தள்ளி வையுங்க.

ராத்தங்கலில் அதிகம் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. அது நடமாடுவது ராத்திரியில். தரையில் படுத்திருக்கிற ஆள் புரளும்போது கடிக்கும். கடித்தது எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, வீக்கமும் வராது. விடியற்காலம் வயிற்றுவலி என்று எழுந்திருப்பான், கண் இமை சொருகும், பேச்சு குழறும். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மூச்சே நின்றுபோகும்.

இதற்கு உண்மையான காவல் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும்தான். வலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருக வேண்டும். நேபாளத்தில் தென்கிழக்குப் பகுதிக் கிராமங்களில் விசாரித்து 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று தெரிந்தது. கொசுவுக்கு வாங்குகிற வலை பாம்புக்கும் ஆகிறது. அது கூடக் கையில் டார்ச் லைட்டும் கம்பும் இல்லாமல் ராத்திரியில் வரப்பில் கால் வைக்காதீங்க.

கடித்துவிட்டால் கத்தியால் கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க, கயிற்றால் இறுக்கிக் கட்டாதீங்க. பச்சிலை தேடி ஒரு நிமிஷம்கூட வீணாக்காதீங்க. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்கவிடாமல் 108-க்குச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. பெரிய சிகிச்சை வேண்டுமானால் தேனி கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-ல் அமைத்த கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வருகிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்திருக்கிறது. அவ்வளவு பேர் கடிபடுகிறார்கள்.

பன்றிக்கு மாற்றி மாற்றி வைக்கணும்

காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. தரையை முகர்ந்துகொண்டே வரும். அதனால் வரப்பில் தலைமுடியைத் தூவினால் மூக்கில் ஏறி உறுத்தும், திரும்பிப் போகும். பழைய சேலையை வேலி மாதிரி சுற்றிக் கட்டினால் அதில் இருக்கிற மனுஷ வாடைக்கும் கலருக்கும் தயங்கும். அழுகின முட்டைக் கரைசல், ஊர்ப்பன்றிச் சாணக் கரைசல் இவற்றின் வாடைக்கும் ஒதுங்கும்.

எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். ஒரே வாடை பழகிவிட்டால், "இதனால் ஆபத்தில்லை" என்று பன்றிக்குத் தெரிந்துவிடும். ஒரு மழை பெய்தாலும் வாடை போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்காமல், இந்த வாரம் முடி, அடுத்த வாரம் கரைசல், அதற்கடுத்து சேலை என்று மாற்றுங்க. பயிர் முற்றுவதற்கு முந்தின மூணு வாரத்துக்கு இதைச் சேமித்து வையுங்க. நாற்று முளைத்த நாளிலிருந்து ஆரம்பித்தால் வேண்டிய நேரத்தில் பலன் இருக்காது. மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு விதைப்பது நல்ல வழி. மக்காச்சோள வாடையை அது மறைக்கும், விதையும் காசாகும்.

நம்ம கோம்பை நாய் இருக்கிறதே, அதற்கு ஈடான மணி கிடையாது. ஆனால் நாயின் வேலை எழுப்பி விடுவது. அதை ஏவிவிட்டுப் பின்னாலேயே இருட்டில் ஓடாதீங்க.

திருட்டு மின்கம்பியும் நாட்டுவெடியும் கைமருந்தில் சேராது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிப் போட்ட கம்பியில் 3 யானைகள் செத்தன, 2 குட்டிகள் அனாதையாக நின்றன. அதே கம்பியில் ராத்திரி தண்ணீர் திருப்பப் போகிற பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கால் வைக்கலாம். சோலார் வேலி போடுவதாக இருந்தாலும் 2023-ஆம் வருஷத்து விதிப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பன்றியைச் சுடுவதும் நம்ம வேலையில்லை. 2025 ஜனவரியில் வந்த அரசு ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். பயிர் அழிந்தால் அன்றைக்கே படம் எடுத்து வைத்து, வனத்துறைக்கு மனு கொடுத்து நஷ்டஈடு கேளுங்க.

யானைக்கு மருந்து விலகிப்போவதுதான்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அது கோயில் யானைக்கு. காட்டு யானையின் பாதம் மெத்தை மாதிரி, பத்தடியில் வந்து நிற்கிறவரை சத்தம் தெரியாது. 2023 மே 27-ல் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்ததும், பிறகு சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றியதும், ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டுபோனதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரிக்கொம்பன் என்ற பெயரே அரிசியைத் தேடி வீடுகளை உடைத்ததால் வந்தது.

நமக்குப் பாடம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. காவல் குடிசையில் அரிசி, உப்பு, வெல்லம், பலாப்பழம், வாழைத்தார் எதையும் வைக்காதீங்க. சாராய வாடையும் ஆகாது. ராத்திரிச் சாப்பாட்டை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாங்க.

காய்ந்த மிளகாயைச் சாண வறட்டியில் வைத்துப் புகைத்தால் யானை விலகும் என்பது உண்மைதான், ஆப்பிரிக்காவில் விவசாயிகள் இதைச் செய்கிறார்கள். தேனீக்குப் பயப்படுவதும் உண்மை. கென்யாவில் வேலியில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள், நம் நாட்டிலும் 2021-ல் கர்நாடகத்துக் குடகில் கதர் கிராமத் தொழில் ஆணையம் இதை ஆரம்பித்தது. ஆனால் காற்று திரும்பினால் மிளகாய்ப் புகை நம்ம கண்ணுக்குத்தான் வரும். புகையும் பெட்டியும் யானை தூரத்தில் இருக்கிறபோது திசை மாற்றுவதற்கு. எதிரே வந்து நிற்கிற யானைக்கு அல்ல. பந்தத்தை எறிவதும், முகத்தில் லைட் அடிப்பதும், அருகே போய் வெடி போடுவதும் அதைக் கோபப்படுத்தும். நடமாட்டம் இருக்கிறது என்று தகவல் வந்த ராத்திரி காவலுக்குப் போகாதீங்க. போயிருந்தால் முன்கூட்டியே கான்கிரீட் கட்டடத்துக்கு வந்துவிடுங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. கரடி நடமாடும் இடத்தில் மட்டும், இருட்டில் நடக்கும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்க. திடீரென்று எதிரில் பார்த்தால்தான் அது பாயும்.

இன்றைக்கு ராத்திரி காவலுக்குப் போகிறவர் ஒருமுறை எண்ணிப் பாருங்க: கட்டில், கொசுவலை, டார்ச் லைட், கம்பு, செல்போனில் சார்ஜ். இந்த அஞ்சும் இருக்கட்டும், அதுக்கு மேலே வேப்பெண்ணெயும் நொச்சிப் புகையும் இருக்கட்டும். மலை நமக்கு முன்னாலிருந்தே காட்டு ஜீவன்களுக்கு வீடு. 2021-ல் மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. அவை இருக்கும், நாமும் இருக்கணும். ஒரு வருஷத்து மக்காச்சோளம் போனால் அடுத்த பட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். விடிந்ததும் தோட்டத்திலிருந்து திரும்பி வருகிற ஆளைத்தான் வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.