கதிரியக்கச் சரக்கு வழியில் விபத்துக்குள்ளானால்

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட்-60, குழாய்களின் வெல்டிங்கைப் படமெடுத்துச் சோதிக்கும் இரிடியம்-192, சுரங்கங்களில் அடர்த்தி அளக்கும் கருவிகளில் உள்ள சீசியம்-137 எனக் கதிரியக்கப் பொருள்கள் பலவும் லாரியிலும் கப்பலிலும் விமானத்திலும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை ஏற்றிய வண்டி கவிழலாம், தீப்பிடிக்கலாம். அந்த ஆபத்தை எதிர்கொள்ளும் வேலையில் பெரும்பகுதி, சரக்கு புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் அரண் பொதி. சர்வதேச அணுசக்தி முகமை 1961இல் முதன்முதலாக வெளியிட்டு, அவ்வப்போது திருத்திவரும் விதிகளே உலகெங்கும் இதற்கு அடிப்படை. இந்தியாவில் இவற்றை மேற்பார்வையிடுவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிரியக்கம் குறைந்த சரக்கு 'ஏ' வகைப் பொதியில் போகும். ஏற்றி இறக்குகையில் நேரும் அடியை அது தாங்கும். பெரிய விபத்தைத் தாங்கும் என்ற உறுதி இல்லை. அதனால்தான் அதில் வைக்கும் அளவுக்கு வரம்பு உண்டு. வரம்பை மீறியவை 'பி' வகைக்குப் போகும். இந்தப் பொதி 9 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத, நெளியாத தளத்தில் விழுந்தும், 1 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தண்டின் மேல் விழுந்தும், 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் கிடந்தும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இரண்டாவது அரண் பொதியின் மேல் ஒட்டிய சீட்டு. வெள்ளைச் சீட்டு என்றால் மேற்பரப்பில் கதிர்வீச்சு மிகக் குறைவு. மஞ்சளில் இரண்டு நிலைகள். மஞ்சள் சீட்டில் 'போக்குவரத்துக் குறியெண்' ஒன்றும் இருக்கும். அந்த எண் 1 என்றால், பொதியிலிருந்து 1 மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு 10 மைக்ரோசீவர்ட். விபத்து இடத்தில் கருவி அதைவிட மிக அதிகமாகக் காட்டினால், உள்ளேயுள்ள கவசம் உடைந்திருக்கலாம். ஓட்டுநரிடம் இருக்கும் அவசரகால அட்டை, பொருளின் பெயரையும் முதலில் செய்ய வேண்டியவற்றையும் தொடர்புகொள்ள வேண்டியவரையும் சொல்லும்.

முதலில் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் போலீசாரும் தீயணைப்பு வீரர்களும்தான். அவர்களுக்கான முதல் விதி உயிரைக் காப்பது. கதிர்வீச்சை அளந்து முடிக்கும்வரை காயம்பட்டவரைக் காக்க வைக்கக்கூடாது. அடுத்தது தொலைவு. பொதி சேதமடைந்திருந்தால் சுற்றிலும் 30 மீட்டர், பெருமளவு சிந்தியிருந்தால் 100 மீட்டர், தீயோ புகையோ இருந்தால் 300 மீட்டர் என்பது சர்வதேச முகமை தரும் தொடக்க வழிகாட்டல். அளவி வந்தபின், மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் பதிவாகும் இடத்தை எல்லையாக வைத்து வளையத்தைத் திருத்தலாம். சிறிய கதிர்மூலத்திலிருந்து இரு மடங்கு விலகினால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும். எதையும் கையால் எடுக்கக்கூடாது. வளையத்துக்குள் உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது.

கதிர் படுவதும் கதிரியக்கத் தூசி ஒட்டுவதும் வெவ்வேறு. உறை உடையாத கதிர்மூலத்தின் காமாக்கதிர் பட்டவர் தாமே கதிர்வீச ஆரம்பிப்பதில்லை. அவரைத் தொடுவோருக்கு ஆபத்தில்லை. பொருள் சிந்தி உடையில் படிந்திருந்தால்தான் அது பிறருக்கும் பரவும். மேலாடையைக் களைந்து பையில் கட்டிவைத்தாலே மாசில் பெரும்பங்கு போய்விடும். மீதியைச் சோப்பும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். அளப்பதும் மீட்பதும் வல்லுநர் வேலை. இந்தியாவில் அணுசக்தித் துறையின் அவசரகால மையங்களும், பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் இதற்காக உள்ளனர்.

இத்தனையும், விபத்து நடந்தது தெரிந்தால்தான் தொடங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2023 ஜனவரியில் அதுவே தெரியாமல் போனது. நியூமன் அருகே ஒரு சுரங்கத்திலிருந்து பெர்த்துக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் லாரியில் சென்ற அளவுக் கருவியிலிருந்து, 6 மில்லிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சீசியம்-137 குப்பி விழுந்துவிட்டது. பெர்த்துக்கு 16ஆம் தேதி வந்த பொதி 25ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. கருவி பிரிந்து கிடந்தது. போல்ட் ஒன்றும் திருகுகளும் காணோம். 5 மீட்டருக்குள் நெருங்க வேண்டாம் என்று மக்கள் எச்சரிக்கப்பட்டார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற தேடுதல் வண்டியின் கருவி, நியூமனுக்குத் தெற்கே சாலையோரத்தில் கதிர்வீச்சைக் கண்டுகொடுத்தது. சாலை விளிம்பிலிருந்து 2 மீட்டரில் குப்பி கிடந்தது. 20 மீட்டர் வளையம் போட்டு, வரிசை எண்ணைச் சரிபார்த்து, ஈயப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார்கள். காணாமல் போனது தெரிந்தபின் தேட ஏழு நாள் போதுமாயிருந்தது. வந்து சேர்ந்த பொதியைத் திறந்து பார்க்க ஆனது ஒன்பது நாள்.