லூர்து நகருக்கு வந்த வானவில் சட்டை

மிதிவண்டியை ஏழையின் வாகனம் என்பர். நம் ஆலங்குளத்தில் பால்காரர் முதல் பள்ளி மாணவியர் வரை அதை மிதிக்காதவர் அரிது. அதையே தொழிலாகக் கொண்டு உலகப் புகழ் பெற்றவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவர் நார்வே நாட்டு வீரர் தோர் ஹுஷோவ்ட்.

ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் நாடு நார்வே. அங்கே பனிச்சறுக்கே மக்களின் விளையாட்டு. அந்நாட்டின் அரெண்டால் நகரில் 1978ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் ஹுஷோவ்ட் பிறந்தார். 1998இல் 23 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில், தனித்து நேரத்தோடு போட்டியிடும் பந்தயத்தில் வென்றார். 2000இல் பிரெஞ்சு அணி ஒன்றில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார்.

இவ்வீரர்களின் கனவு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம். 1903இல் தொடங்கிய இது மூன்று வாரங்கள் நடைபெறும். 21 கட்டங்கள் கொண்டது. மொத்த நேரம் குறைந்தவருக்கு மஞ்சள் சட்டை. கட்டங்களின் முடிவிலும் இடைவழிக் கோடுகளிலும் முந்துவோர் பெறும் புள்ளிகளுக்குப் பச்சைச் சட்டை.

இது அணி விளையாட்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஆடிக் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். முன்னே செல்பவர் காற்றைத் தாங்கினால் பின்னே வருபவருக்குப் பாதி பாரம் குறைந்தது போலிருக்கும். ஆகவே ஒருவர் வெல்லப் பலர் உழைக்கின்றனர். 2011இல் மஞ்சள் சட்டை அணிந்திருந்த ஹுஷோவ்டே, தம் தோழர் டைலர் ஃபேரருக்காக முன்னே சென்று காற்றைக் கிழித்தார். அன்று ஃபேரர் வென்றார்.

ஹுஷோவ்டின் பலம், சமதரையில் கடைசி நூறு மீட்டர்களில் பாயும் வேகம். அவ்வேகத்தால் 2005இல் பச்சைச் சட்டையை வென்றார். எண்பது கிலோவுக்கும் மேற்பட்ட எடையால் மலையேற்றம் அவருக்குக் கடினம். 2009இலோ அவரைவிட வேகமான மார்க் கேவண்டிஷ் என்ற இளைஞர் வந்துவிட்டார். அவ்வாண்டு கேவண்டிஷ் வென்ற கட்டங்கள் ஆறு. ஹுஷோவ்ட் வென்றது ஒன்றே. அவர் சோர்ந்துவிட்டாரா? இல்லை. ஆல்ப்ஸ் மலைக் கட்டம் ஒன்றில் தன்னந்தனியாக முன்னே சென்று இடைவழிப் புள்ளிகளைச் சேர்த்தார். கேவண்டிஷால் மலையில் தொடர இயலவில்லை. பச்சைச் சட்டை மீண்டும் ஹுஷோவ்டுக்கே கிடைத்தது!

2010 அக்டோபர் 3 அன்று ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். நார்வே ஆடவருள் இப்பட்டத்தை முதலில் வென்றவர் இவரே. உலகச் சாம்பியன் ஓராண்டுக் காலம் வானவில் வண்ணக் கோடுகள் இட்ட சட்டை அணிவார்.

அச்சட்டையோடு அவர் ஆற்றிய அருஞ்செயல் நம் மனத்திற்கு நெருக்கமான ஓர் ஊரில் நிகழ்ந்தது. 2011 ஜூலை 15 அன்று பந்தயம் போ நகரில் தொடங்கி லூர்து நகரில் முடிந்தது. நம் லூர்து அன்னையின் திருத்தலம் உள்ள அதே ஊர்தான். இடையே 1,709 மீட்டர் உயரமுள்ள ஒபிஸ்க் மலைக் கணவாய். ஏற்றம் மட்டுமே 16 கிலோமீட்டர். வேகப் பாய்ச்சல் வீரர் அங்கே வெல்வார் என்று யார் எண்ணுவர்?

ஏற்றத்தில் பிறர் வேகத்தைப் பின்பற்றித் திணறாமல் தம் வேகத்திலேயே மிதித்தார். ஜெரெமி ராய் என்னும் பிரெஞ்சு வீரர் முதலில் உச்சியைக் கடந்தார். ஹுஷோவ்ட் பின்தங்கியே கடந்தார். ஆனால் இறக்கத்தில் பாரமான உடலே துணையாயிற்று. அஞ்சாது விரைந்து, முடிவுக்கு மூன்று கிலோமீட்டர் அளவில் ராயைப் பிடித்து, முந்தி, தனியாக லூர்து நகருள் நுழைந்தார். எது குறை என்று கருதப்பட்டதோ, அதுவே அன்று இறக்கத்தில் நிறைவாயிற்று.

2014இல் அவர் ஓய்வு பெற்றார். டூர் பந்தயத்தில் தனியாக அவர் வென்ற கட்டங்கள் 10.

தோழியரே! தமிழகத்தில் பதினோராம் வகுப்பு மாணவியருக்கு அரசு மிதிவண்டி வழங்குகிறது. பெண்களுக்கான டூர் பந்தயமும் 2022 முதல் நடைபெற்று வருகிறது. ஆயினும் படிப்பு முடிந்ததும் நம்மில் பலரின் மிதிவண்டி தம்பிக்கோ அண்ணனுக்கோ போய்விடுகிறது. "இது உன்னால் ஆகாது" என்று பிறர் கூறும்போது, எது நம்மால் ஆகும் என்பதை நாமே மிதித்துப் பார்த்து அறிவோம். ஏற்றத்தில் பின்தங்கினாலும் கலங்க வேண்டாம். பாதை இன்னும் முடிந்துவிடவில்லை.