பொருட்காட்சியும் ஆட்டுச் சந்தையும்

பொருட்காட்சி என்றதும் நம்மவர் பலருக்கு ஞாபகம் வருபவை ராட்டினமும் டெல்லி அப்பளமுந்தான். ஆனால் அங்கே கடை போடுகிறவனுக்கு அது வேடிக்கையன்று. சில சமயம் ஒரு குடும்பத்தின் ஜீவனமே அந்தப் பத்து நாளில் அடங்கியிருக்கிறது. இதை நமக்கு உணர்த்தியவர் வேப்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர்.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர் என்பது நேயர்கள் அறிந்ததே. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசாங்கப் பயிலகமும் அங்கே உண்டு. வெண்களிமண்ணையும் கல் பொடிகளையும் கூழாகக் கரைத்து, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் இட்டு, பளபளப்புப் பூச்சுக் கொடுத்து மறுபடியும் சுட்டால்தான் ஒரு பொம்மை பிறக்கும். நம் மாணவருக்கும் இத்தகைய சிறு சூளை ஒன்று உண்டு.

சில வருஷங்களுக்கு முன் அவர் மனைவியின் நகைகளை அடகு வைத்து, ஒரு பெரிய நகரத்துக் கண்காட்சியில் கடை எடுத்தார். நாற்பது தினுசுப் பொம்மைகளைக் கொலுவைப் போல் அடுக்கிவிட்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஜனங்கள் வந்தார்கள்; "எவ்வளவு அழகு!" என்றார்கள், போய்விட்டார்கள். ஒரே ஒரு வியாபாரி மட்டும் கார்த்திகைக்கு இருநூறு டஜன் விளக்குக் கேட்டார். சூளையின் சக்தியை யோசியாமல் நண்பர் தலையை ஆட்டிவிட்டார். சரக்கு போய்ச் சேர்ந்தபோது கார்த்திகை கடந்திருந்தது! அவர் கையில் மிஞ்சியது ஒரு பை நிறைய விலாசச் சீட்டுகளே.

"பொருட்காட்சியே ஏமாற்று வேலை, சார்" என்று நம்மிடம் வந்து நொந்துகொண்டார்.

"வெள்ளிக்கிழமை நம்மூர் ஆட்டுச் சந்தைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பார், அப்பா. பிறகு பேசுவோம்" என்றோம்.

சந்தையில் ஆடு விற்பவன் உட்காருவதில்லை. கடைசி விலை இன்னதென்று வீட்டிலேயே தீர்மானித்து வருகிறான். வாங்குபவன் ஆட்டின் முதுகை அமுக்கிப் பார்க்கலாம். வாயைத் திறந்து பல்லை எண்ணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியில் இல்லாத ஆட்டுக்கு அவன் முன்பணம் வாங்குவதில்லை. கண்காட்சி சாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்பது நம் அபிப்பிராயம்.

பெரியவர்களும் இதையே செய்திருக்கிறார்கள். ருஷ்ய ராணி காதரீனுக்காக ஆங்கிலேயப் பீங்கான் வியாபாரி வெட்ஜ்வுட் 900-க்கு மேற்பட்ட பாத்திரங்களைச் செய்தார். 1774-ல் அவற்றைக் கப்பலேற்றுமுன் லண்டனில் காட்சிக்கு வைத்தார். பிரபுக்கள் திரண்டு வந்தார்கள். ராணிக்குச் சேரவேண்டிய சரக்கு, போகும் வழியில் உள்ளூரிலும் அவர் கீர்த்தியைப் பரப்பிற்று! நம் நாட்டில் 1901-ல் கல்கத்தா காங்கிரஸோடு கைத்தொழிற் பொருட்காட்சி ஒன்றும் நடந்தது. 1936-ல் லக்னௌ காங்கிரஸின்போது, காந்தியடிகளின் விருப்பப்படி அமைந்த கிராமக் கைத்தொழிற் காட்சியில், செய்த பொருளோடு செய்யும் விதமும் காட்டப்பட்டது. பொருட்காட்சி ஒரு பள்ளிக்கூடமாக இருக்கவேண்டும் என்பதே அவர் கருத்து.

ஆகவே, கடை போடுவோர் முதலில் தம் நோக்கத்தைத் தீர்மானிக்க வேண்டும். சில்லறை விற்பனையா, மொத்த வியாபாரியின் உறவா? டெல்லியில் ஆண்டுதோறும் நவம்பர் 14-ல் தொடங்கும் சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சியில் முதல் சில நாட்களை வியாபாரிகளுக்கென்றே ஒதுக்குவது வழக்கம். அந்நாட்களில் விலை முடிவு செய்யும் அதிகாரமுள்ளவரே கடையில் நிற்கவேண்டும். பழைய வாடிக்கைக்காரர்களுக்குக் கடையின் எண்ணை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கடை வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் மத்திய அரசாங்கத் திட்டமும் சிறு தொழில்களுக்கு உண்டு. அதன் நிபந்தனைகளை மாவட்டத் தொழில் மையத்தில் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம்.

மறுமுறை நம் நண்பர் ஆறே தினுசுகள் கொண்டுபோனார். சுடாத விளக்கையும் சுட்ட விளக்கையும் அருகருகே வைத்தார். ஒரே அச்சில் பிறந்த இரண்டில் ஒன்று மட்டும் ஏன் சிறுத்திருக்கிறது என்று கேட்காதவர் இல்லை. சூளையில் மண் சுருங்கும் கதையை அவர் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் நின்றார்கள். நின்றவர்களில் சிலர் வியாபாரிகள். பெயர், ஊர், கேட்ட சரக்கு, எத்தனை, எந்தத் தேதிக்குள், தாம் சொன்ன வாக்கு ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே குறித்துக்கொண்டார். ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் பதில் எழுதினார். பலர் மௌனம் சாதித்தார்கள். மூவர் நிரந்தர வாடிக்கைக்காரர் ஆனார்கள். அந்த மூவரால் சூளை அணையாமல் இருக்கிறது.

வளையல் மீண்டுவிட்டது. சங்கிலி மட்டும் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. அதை மீட்க அடுத்த பொருட்காட்சிக்குச் சரக்குத் தயாராகி வருகிறது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பொருட்காட்சிக்குப் போனால் அப்பளத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பிறகு, நம் நாட்டுக் கைத்தொழிலாளி ஒருவரின் கடை முன்னால் ஐந்து நிமிஷம் நின்று, "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.