கரி பிடிக்கும், நுண்ணுயிர் தின்னும்

வடக்குப்பட்டு கிராமத்திலிருந்து ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தொழிற்சாலைகள்தான். ஷிப்டு மாறும் நேரத்தில் சாலை முழுக்கக் கம்பெனிப் பேருந்துகள். அதில் போகும் அத்தனை பேரும் கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவுகிறார்கள், விடுதியில் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். காருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன்னால் தகட்டிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவும் தண்ணீர் வேண்டும்.

இந்த வட்டாரத்து ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து சென்னை வீடுகளுக்குக் குடிநீர் போகிறது. அப்படியென்றால் ஒரு கேன்டீன் கழுவுநீரைக்கூடச் சும்மா கால்வாயில் விட்டுவிட முடியாது, இல்லையா?

சோறு வடித்த கஞ்சியும் சோப்பும் எண்ணெயும் கரிமப் பொருள்கள். கஞ்சியில் விஷம் இல்லை. ஆனாலும் அது ஏரியில் கலந்தால் மீன் சாகும்! தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்கள் கஞ்சியைத் தின்னும்போது, கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கின்றன. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். அது தீர்ந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்.

ஏரியில் தீங்கு செய்யும் இதே தின்னும் வேலையைத் தொட்டிக்குள் நடக்க வைத்தால் அதுவே வைத்தியம். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதிப் பார்த்தார்கள். முதல் தடவை நீர் நன்றாகத் தெளியப் பல வாரம் பிடித்தது. அடியில் தங்கிய கசடை அவர்கள் கொட்டிவிடவில்லை. அதே கசடின் மேல் புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடி காற்றை ஊதினார்கள். ஒவ்வொரு தடவையும் வேலை சீக்கிரம் முடிந்தது. கடைசியில் சில மணி நேரமே போதுமானதாக இருந்தது. அந்தக் கசடு முழுக்க உயிருள்ள பாக்டீரியாக்கள்! கொட்டாமல் வைத்துக்கொண்டதுதான் அவர்களுடைய பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

இன்று தொழிற்சாலைகளில் ஈ.டி.பி., எஸ்.டி.பி. என்று சொல்லும் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில் நடப்பது இதுதான். அங்கே வேலை செய்பவர்கள் கசடு கலந்த நீரை ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றி, அரை மணி நேரம் ஆடாமல் வைத்து, எவ்வளவு படிகிறது என்று பார்ப்பார்கள். கசடு பழுப்பாக, மண்வாசனையோடு இருந்தால் நல்லது. கறுத்து அழுகல் நாற்றம் அடித்தால், உள்ளே காற்று போதவில்லை.

பாக்டீரியாவால் எல்லாவற்றையும் தின்ன முடியுமா? முடியாது. துணிச் சாயங்கள் வெயிலிலும் சலவையிலும் வெளுக்காமல் இருக்கவேண்டும் என்றே செய்யப்பட்டவை. அவற்றைப் பாக்டீரியாவால் எளிதில் உடைக்க முடிவதில்லை. அங்கேதான் கரி வருகிறது.

கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் கரியாக்கி, பிறகு கடும் சூட்டில் நீராவியைச் செலுத்தினால் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறக்கும். இப்படிக் கிளர்வூட்டிய கரியில் ஒரே ஒரு கிராம் எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால், ஏழு கபடி ஆடுகளம் அளவுக்கு வரும். அந்தச் சுவர்களில் சாய மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்பு கவர்தல் என்று பெயர். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகள் சிலவற்றுக்குள் இருந்ததும் கொட்டாங்குச்சிக் கரிதான்.

விலை குறைந்த பொருளில் இந்த வேலையைச் செய்ய முடியாதா என்று கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990-களிலிருந்து தேடினார்கள். வாழைத்தண்டுக் கழிவு, ஆரஞ்சுத் தோல், சாண எரிவாயுக் கலனில் மிஞ்சும் சாணிக் கரைசல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கயிறு திரிக்கும் இடங்களில் குவிந்து கிடக்கும் தென்னை நார்த்தூளைக் கரியாக்கி, காங்கோ சிவப்பு என்ற சாயத்தை நீரிலிருந்து பிடித்தார்கள். வேண்டாம் என்று நாம் ஒதுக்கும் குப்பையை எடுத்து ஆராய்ந்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஒரு சங்கடமும் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலைப் பச்சையாக அப்படியே நீரில் போட்டால், அது சாயத்தைப் பிடிக்கும். தன் சாற்றையும் நீரில் இறக்கிவிடும். அதனால்தான் அதை முதலில் கழுவுகிறார்கள், அல்லது கரியாக்குகிறார்கள். இன்னொன்று, கரி எதையும் அழிப்பதில்லை, பிடித்து மட்டும் வைக்கிறது. துளைகள் நிரம்பிய கரியை உலையில் சுட்டு மறுபடி தயார்படுத்த வேண்டும்.

பாக்டீரியாவால் கரியைத் தின்ன முடியாது என்பதும் நமக்கு நல்லதாகப் போயிற்று. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் அகழாய்வு செய்தது. இப்படிப்பட்ட அகழாய்வுக் குழிகளில் கரித்துண்டு கிடைத்தால், அதைக் கொண்டு காலம் கணிப்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் அது மக்காது. சுத்திகரிப்பில் பாக்டீரியாக்களைக் கரியின் மேலேயே குடியேற்றுவதும் உண்டு. கரி பிடித்து நிறுத்தும். பாக்டீரியா உட்கார்ந்து நிதானமாகத் தின்னும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் கரியைக் கழுவி இரண்டு கரண்டி எடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பேனா மையும் ஒரு கரண்டி உப்பும் கலந்து, கரியைப் போட்டு, இரவு முழுக்க வையுங்கள். காலையில் மடித்த பருத்தித் துணியில் வடிகட்டி, நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த நீரைக் குடிக்கக் கூடாது! அதில் சில சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் வெயிலில் காயவிடுங்கள். வெள்ளையாக ஏதோ படியும். அது உப்பு. கரியும் அதைப் பிடிக்கவில்லை, பாக்டீரியாவும் அதைத் தின்னாது.

திருப்பூரில் நொய்யல் ஆற்றைப் பாழாக்கியது சாயம் மட்டுமல்ல, சாயமேற்றப் பயன்படுத்திய உப்பும்தான். அந்த நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியுள்ள விளைநிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மறுபடி திறந்த பட்டறைகளின் கழிவுநீரை இப்போது மென்சவ்வு வழியாக அழுத்திப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கரைசலைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுத்து, மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள்.