உருமியும் உலக இசைவரிசையும்

இசையை உயர்ந்தது, தாழ்ந்தது என வகுத்து வேலியிடுதல் நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வேலிகளைக் கடந்து சென்ற இசைத்தொகுப்பு ஒன்றைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அது 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கலா’ என்பதாகும்.

இதனை ஆக்கியவர், எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம் அம்மையார். இவர் 1975-இல் இலண்டனிற் பிறந்து, இளமையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, போரின் கொடுமையால் அகதியாய் மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். 2005-இல் வந்த முதற்றொகுப்புக்குத் தந்தையாரின் பெயரையொட்டி ‘அருளர்’ என்றும், இரண்டாவதற்கு அன்னையாரின் பெயரையும் சூட்டினார்.

இரண்டாம் தொகுப்பை அமெரிக்காவில் உருவாக்க எண்ணியிருந்தார். 2006-இல் அந்நாட்டில் தங்கிப் பணிபுரிய அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று ஒலிப்பதிவு செய்தார். தடையே வழியாயிற்று. மேனாட்டு ஹிப்-ஹாப்பும் நடன இசையும் 1982-ஆம் ஆண்டின் ‘டிஸ்கோ டான்சர்’ என்னும் இந்திப் படப் பாட்டும் இதில் ஒன்று கலந்தன. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ என்னும் பாடல்களில் நம் உருமி முழங்கிற்று. ஒரு முகத்தை வளைந்த கோலால் உராய்ந்து உறுமச் செய்து, மறுமுகத்தை அடித்து முழக்கும் தோற்கருவி அது.

அமெரிக்கப் பில்போர்டு வரிசையில் இத்தொகுப்பு 18-ஆம் இடம் எய்தியது. இதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாட்டு, 2008-இல் தனிப்பாடல் வரிசையில் 4-ஆம் இடத்தைப் பெற்றது. இப்பாட்டில் உருமி இல்லை என்பது உண்மையே. இதன் அடிநாதம், கிளாஷ் என்னும் ஆங்கிலக் குழுவினர் 1982-இல் வெளியிட்ட பாடலினின்று எடுக்கப்பட்டது. குடியேற வந்தோர் புறந்தள்ளப்படுதலைப் பாடியது அப்பழைய பாட்டு. அனுமதி மறுக்கப்பெற்ற ஒருவர் அதனை எடுத்தாண்டது பொருத்தமன்றோ! பொருளும் உடன் கலந்தமையால் இக்கலப்பு வெறும் விநோதமாகாது நின்றது.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையார் பெயரே ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பெற்றது. குடத்துட் புகாத பெயரை எந்தக் கை எடுக்க வல்லது? இசைவரிசையும் அத்தகையதே. ஒலிப்பதிவாகிச் சந்தைக்கு வாராத இசை, எத்துணைச் சிறந்ததாயினும் எண்ணப்படுவதில்லை. உருமியின் ஓலையைக் குடத்துள் இட்டதே ‘கலா’வின் அருஞ்செயல் என்போம்.

எனினும் அவ்வரிசையில் அச்சேறுவது பாடினோர் பெயர், கொட்டினோர் பெயரன்று. நம் சுற்றுக் கிராமங்களில் பம்பையும் பறையும் முழக்குவோர் பலர் உளர். அன்னாரின் இசையைப் பெயரோடும் ஊரோடும் பதிந்து வைத்தல் அயலார் பணியன்று. அது நம் மாணவர் கடமை.