ஒரு காட்டு ஆட்டைச் சுட 2 கோடி ரூபாய்: பாகிஸ்தான் மலையில் என்ன நடக்குது?

2024 டிசம்பர். பாகிஸ்தானின் சித்ரால் பகுதியில் ஒரே ஒரு காட்டு ஆட்டைச் சுட அமெரிக்கர் ஒருவர் கட்டிய தொகை 2,71,000 டாலர். நம்ம கணக்கில் 2 கோடி ரூபாய்க்கு மேல்!

அந்த ஆட்டின் பெயர் மார்க்கோர். திருகாணி மாதிரி முறுக்கிய கொம்பு. பாகிஸ்தானின் தேசிய விலங்கும் இதுதான்.

தேசிய விலங்கையே ஏலம் விடுறாங்களா? ஆமாம். வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 12 வரை அனுமதி உண்டு. வயதான கிடா மட்டும்தான். கொம்பு வளையங்களை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்த்து வழிகாட்டி வயதைக் கணிப்பார். அவர் சரி சொன்ன பிறகுதான் ரைஃபிளைத் தொடணும். செங்குத்துப் பாறையில் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கிடாவுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல் குறிவைப்பது வேலைக்கு ஆகாது.

விஷயமே பணத்தில்தான் இருக்கு. கட்டணத்தில் 80 சதவீதம் உள்ளூர் கிராமங்களுக்குப் போகிறது. அதில்தான் காவலர் சம்பளம், பள்ளிக்கூடம், குடிநீர் எல்லாம். முன்பு கறிக்காகச் சுட்ட ஊர்களே இப்போது திருட்டு வேட்டையைத் தடுக்கின்றன. 2015-ல் ஐயுசிஎன் பட்டியலில் மார்க்கோரின் ஆபத்து நிலை இரண்டு படி குறைந்தது.

கவலையும் இல்லாமல் இல்லை. பெரிய கொம்புக் கிடாக்களையே தொடர்ந்து எடுத்தால் அடுத்த தலைமுறைகளில் கொம்பு சிறுத்துவிடலாம். வெளிநாட்டவர் வராத ஆண்டில் காவலர் சம்பளத்துக்கு எங்கே போவது?

எல்லைக்கு இந்தப் பக்கம், காஷ்மீரின் பீர் பஞ்சால் மலையிலும் கொஞ்சம் மார்க்கோர் உண்டு. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே அதை ஏலம் விட வழியே கிடையாது.