பருத்திக்கு முன் மண்ணில் மிஞ்சும் தழைச்சத்து: உரச் செலவில் சேராத கணக்கு

திருப்பதி மாவட்டத்தில் சுவர்ணமுகி ஆற்றுப் படுகையை ஒட்டிய ஏர்பேடு வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் முக்கியப் பயிர்கள். இவற்றின் அறுவடைக்குப் பிறகு அதே நிலத்தில் பருத்தி விதைப்பவர், யூரியா வாங்கும் முன் முந்தைய பயிர் எவ்வளவு தழைச்சத்தை விட்டுச் சென்றுள்ளது என்று அறிவது அவசியம்.

வயலில் இடும் தழைச்சத்து முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி மண்ணின் மட்குப் பொருளில் தங்குகிறது. எஞ்சியது நைட்ரேட்டாக மாறி, நீர் செல்லும் இடமெல்லாம் செல்கிறது.

நெல் வயலில் இந்த மிச்சம் பெரும்பாலும் குறைவு. தேங்கிய நீருக்கு அடியிலுள்ள மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றிவிடுகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நெல் தரிசில் பருத்தி பயிரிடுவோருக்கும் இது பொருந்தும்.

நிலக்கடலையின் நிலை வேறு. வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதால் கடலை போட்டாலே மண் வளமாகும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் அச்சத்தின் பெரும்பகுதி பருப்பிலும் கொடியிலும்தான் இருக்கிறது. பருப்பு சந்தைக்கும் கொடி மாட்டுக்கும் போய்விட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலையும் வேரும் மட்டுமே. கொடியை மடக்கி உழுதால் அது மட்கி, வரும் வாரங்களில் நைட்ரேட்டாக வெளிப்படும். மணற்பாங்கான நிலமாயின் வடகிழக்குப் பருவமழை அதையும் கீழே இறக்கிவிடும்.

கீழே இறங்கியது முழுவதும் வீணன்று. பருத்தியின் ஆணிவேர் ஆழம் செல்லக்கூடியது. மேல்மண்ணைத் தாண்டிய நைட்ரேட்டையும் அது எட்டிப் பிடிக்கும். சிக்கல், அந்த இருப்பை அறியாமல் முழு அளவு உரத்தையும் இடும்போதுதான் தொடங்குகிறது. செடி தழைத்து அடர்கிறது. நிழலில் சப்பைகள் உதிர்கின்றன. காய் வெடிப்பது தள்ளிப்போகிறது. மென்மையான இலைகளைத் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் நாடுகின்றன. நீண்ட நாள் நிற்கும் பயிர் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இடம் கொடுக்கிறது. தழைச்சத்து குறைந்தால் மேலுரம் இட்டுச் சரிசெய்யலாம். கூடிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

மிச்சத்தின் மதிப்பு சிறிதன்று. 60 செ.மீ. ஆழம் வரை ஒரு கிலோ மண்ணில் 5 மில்லிகிராம் நைட்ரேட் தழைச்சத்து இருந்தால், எக்டேருக்குச் சுமார் 42 கிலோ தழைச்சத்து என்றாகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 37 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டைக்குச் சற்றே குறைவு. தமிழகத்தில் இறவைப் பருத்தியின் வீரிய ஒட்டு ரகங்களுக்கு எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு இது.

மண்வள அட்டை இந்த இருப்பைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் மாதிரி 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்படுகிறது. இந்திய ஆய்வகங்களில் வழக்கிலுள்ள, 1956-இல் சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்ட பெர்மாங்கனேட் முறை, எளிதில் சிதையும் கரிமத் தழைச்சத்தையே முக்கியமாக அளக்கிறது. ஆழத்து நைட்ரேட் அதில் வராது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலோ ஆழ்மண்ணின் நைட்ரேட்டை அளந்து, அந்த அளவைப் பருத்திக்கான உரத்தில் கழித்துக்கொள்ளுமாறு விவசாயிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

ஆழ்மண் சோதனை கிடைக்காத இடத்தில் எளிய வழி ஒன்றுண்டு. கடலைக்கொடியை மடக்கி உழுத வயலில் அடியுர யூரியாவைக் குறைத்து, மீதத்தைச் சப்பை பிடிக்கும் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பிரித்து இடலாம். நான்கு சால்களுக்கு மட்டும் யூரியா இடாமல் விட்டு, மற்ற செடிகளின் இலை நிறத்தோடு ஒப்பிட்டால் அடுத்த மேலுரம் தேவையா என்பது தெரிந்துவிடும்.